லிப்பெடிமா: காலுறை, உணவு, அறுவை – உங்களுக்கு உண்மையில் வலியைக் குறைத்தது எது?

நெய்தல்கரை (சென்னை)

வணக்கம். போன மாதம் ஒரு ரத்தநாள அறுவை மருத்துவர் என் காலைப் பார்த்துவிட்டு "லிப்பெடிமா" என்று எழுதிக் கொடுத்தார், அதாவது கால்களில் வலியோடு கொழுப்பு சேரும் நோய். அதற்கு முன்பு வெவ்வேறு இடங்களில் கிடைத்த பெயர்கள்: உடல் பருமன், தைராய்டு, வெரிகோஸ், யானைக்கால். யானைக்காலுக்காக ராத்திரி ரத்தம்கூட எடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. டாப்ளர் (ரத்தநாள ஸ்கேன்), தைராய்டு எல்லாம் நார்மல்.

என் உடம்பு இப்படி: சுடிதார் டாப் மீடியம், பேன்ட் டபுள் எக்ஸெல். பாதம் ஒல்லி. கொலுசு போடுகிற இடத்தில் சதை சட்டென்று நின்றுவிடும். மகன் மடியில் முட்டி போட்டு ஏறினால் உயிர் போகும், மறுநாள் அந்த இடம் நீலமாக இருக்கும். டயட் இருந்து எடை குறைத்தபோது முகம் வற்றிக் கழுத்தெலும்பு தெரிந்தது, அலுவலகத்தில் "சுகர் வந்துடுச்சா" என்று கேட்டார்கள். தொடை மட்டும் அப்படியே இருந்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் இதே கால்தான். வீட்டில் யாரும் இதை நோய் என்று நினைத்ததே இல்லை.

மருத்துவர் சொன்னது: கம்ப்ரெஷன் காலுறை (காலை அழுத்திப் பிடிக்கும் காலுறை) போடுங்கள், நடங்கள், எடை ஏறாமல் பாருங்கள், லிப்போசக்‌ஷன் என்று குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை ஒன்று இருக்கிறது, அவசரப்படாதீர்கள். இணையத்தில் தேடினால் ஒருவர் கீட்டோ (மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் உணவுமுறை) என்கிறார், ஒருவர் மசாஜ் என்கிறார், ஒருவர் உடனே அறுவை என்கிறார். பல வருடம் இதோடு வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள். எது பலன் தந்தது, எது வீண்?

---

ரைன்நதி (ஜெர்மனி)

தங்கச்சி, வாங்கோ. நான் இதோடு இருபது வருசத்துக்கு மேல். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதிதில், குளிரும் பாணும்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு பிள்ளை பிறந்ததோடு கால் இன்னும் பெருத்தது. இந்த வருத்தம் பெரும்பாலும் பருவமடையும்போது, கர்ப்பத்தின்போது, மாதவிடாய் நிற்கும்போதுதான் தொடங்கும் அல்லது கூடும். ஆண்களுக்கு வருவது மிக அரிது. ஹோர்மோன் சம்பந்தம் இருக்கிறது என்று அதனால்தான் வைத்தியர்கள் நினைக்கிறார்கள்.

நேரே விசயத்துக்கு வருகிறேன். எனக்கு வலியைக் குறைத்ததில் முதல் இடம் தட்டைப் பின்னல் காலுறைக்கு. இரண்டாவது தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி. மூன்றாவது சத்திரசிகிச்சை. உணவு நாலாவது. மற்றவர்களுக்கு இந்த வரிசை மாறலாம்.

காலுறையில் இரண்டு வகை. மருந்துக்கடையில் பெட்டியில் கிடைப்பது வட்டப் பின்னல், தையல் இருக்காது, மெல்லியது. தொடை ஒரு அளவு, கணுக்கால் வேறொரு அளவு என்று இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது மடிப்புக்குள் சுருண்டு நாடா மாதிரி இறுக்கும். தட்டைப் பின்னல் என்பது உங்கள் காலைப் பல இடத்தில் அளந்து பின்னுவது, பின்னால் தையல் கோடு இருக்கும், துணி தடிப்பு. மடிப்புக்குள் போகாது. அளவை காலமை எழும்பின உடனே எடுக்க வேண்டும். பின்னேரம் எடுத்தால் பிழைக்கும்.

முக்கியமாக ஒன்று: காலுறை கொழுப்பைக் கரைக்காது. அதைப் போட்டுக் கால் மெலியும் என்று காத்திருந்தால் மூன்றாம் மாதம் அலுமாரிக்குள் எறிந்துவிடுவீர்கள். அது வலியையும் பாரத்தையும் குறைக்கும். அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விசயம் இல்லை.

---

தேநீர்க்கடை

மன்னிக்கணும். புண்படுத்த எழுதவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். சாப்பிட்டது அதிகம், நடந்தது குறைவு என்றால் கொழுப்பு சேரும். சிலருக்கு வயிற்றில், சிலருக்குத் தொடையில். அதற்கு ஒரு நோய்ப் பெயர் வைத்தால் காலுறை விற்பவனுக்கும் லிப்போசக்‌ஷன் செய்பவனுக்கும்தானே லாபம்?

---

பிசியோ_கோவை

தேநீர்க்கடை சகோ, நியாயமான சந்தேகம்தான், பல மருத்துவர்களுக்கே இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட். லிம்ஃபெடிமா (நிணநீர் தேங்கி வரும் வீக்கம்) நோயாளிகளைப் பார்ப்பது என் வேலை, அவர்களோடு கலந்து இவர்களும் வருவார்கள்.

இது புதிதாக யாரோ விற்பதற்காகக் கண்டுபிடித்த பெயர் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1940-லேயே இதை விவரித்து எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-ல் இதற்குத் தனிக் குறியீடு உண்டு. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

சாதாரணப் பருமனில் இருந்து பிரிப்பது மூன்று விஷயம். ஒன்று, இரண்டு காலும் ஒரே மாதிரி பெருக்கும், பாதம் பெருக்காது. இரண்டு, தொட்டால், அழுத்தினால் வலிக்கும். சாதாரணக் கொழுப்பு வலிக்காது, உங்கள் தொப்பையை அழுத்திப் பாருங்கள். மூன்று, லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும். வலியே இல்லாமல் கால் மட்டும் பெருத்திருந்தால் அது உடலமைப்பு. அதை லிப்பெடிமா என்று சொல்லக் கூடாது என்பதுதான் ஐரோப்பிய நிபுணர்களின் இன்றைய நிலைப்பாடு.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. மெட்டி போடுகிற விரல் இருக்கிறதல்லவா, அதன் அடியில் மேல்பக்கத்துத் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்குங்கள். தூக்க வந்தால் நல்லது. தோல் தடித்துத் தூக்கவே வராவிட்டால் அது லிம்ஃபெடிமா, அதாவது நிணநீர் வீக்கம். இதற்கு ஸ்டெம்மர் சோதனை என்று பெயர். யானைக்காலில் பாதமும் சேர்ந்து வீங்கும், பெரும்பாலும் ஒரு கால் மற்றதை விடப் பெரிதாக இருக்கும், இந்தச் சோதனை பாசிட்டிவாக வரும். நம் ஊரில் கால் பெருத்தாலே முதல் சந்தேகம் யானைக்கால்தான், அதில் தப்பில்லை. அதன் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவும், அதனால்தான் நெய்தல்கரைக்கு ராத்திரி ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

சகோ சொன்னதில் ஒரு பாதி உண்மை. லிப்பெடிமா உள்ளவர்களில் நிறையப் பேருக்கு உடல் பருமனும் சேர்ந்தே இருக்கிறது. எடை ஏறினால் இந்தக் காலும் மோசமாகும். ஆனால் எடையைக் குறைத்தால் இது போய்விடும் என்பது உண்மை இல்லை. வயிற்றைச் சுருக்கும் பேரியாட்ரிக் அறுவை செய்து நிறைய எடை இழந்தவர்களிலும் கால் வலி தொடர்ந்தவர்கள் உண்டு.

---

தேநீர்க்கடை

சரி, வலி விஷயம் எனக்குத் தெரியாது. இரவு என் மனைவியிடம் கேட்டேன். "இப்பவாவது கேட்டீங்களே" என்றாள். இழையைத் தொடர்கிறேன்.

---

சோளக்கொல்லை (திண்டுக்கல்)

நான் பேலியோ ஆள் (தானியம், சர்க்கரை இல்லாத உணவுமுறை), அதனால் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன். தமிழில் பேலியோ குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் இருந்தே இருக்கிறேன். காலையில் பாதாம், மதியம் முட்டை காய்கறி, இரவு கறி அல்லது பனீர். எனக்கு ரெண்டாவது வாரமே கால் கனம் குறைந்தது. எடை பிறகுதான் குறைந்தது, கனம் முதலில் போனது. சோறு, இட்லி, சர்க்கரை மூன்றையும் நிறுத்துங்கள், காலுறையே வேண்டாம்.

---

ஹாரோ_அக்கா (லண்டன்)

சோளக்கொல்லை, "காலுறையே வேண்டாம்" என்பதைத் தவிர மீதியை ஒத்துக்கொள்கிறேன்.

இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. நார்வேயில் நடந்தது, 2024-ல் வெளியானது. லிப்பெடிமா உள்ள 70 பெண்கள், எட்டு வாரம். எல்லோருக்கும் ஒரே 1200 கலோரி. ஒரு குழுவுக்கு மாவுச்சத்து குறைவு, இன்னொன்றுக்குக் கொழுப்பு குறைவு. மாவுச்சத்து குறைத்தவர்களுக்கு வலி குறைந்தது, மற்றவர்களுக்குக் குறையவில்லை. ஆகவே வெறும் கலோரிக் கணக்கு மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

கூடவே இரண்டு விஷயம் பாருங்கள். வலி குறைந்தது பத்துப் புள்ளி அளவுகோலில் ஏறக்குறைய ஒரு புள்ளி. எட்டு வாரத்துக்கு மேல் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் இல்லை. நான் மாவைக் குறைத்து முயன்றேன். வீட்டில் மற்றவர்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டே நான் மட்டும் முட்டை தின்பது நெடுநாள் ஓடவில்லை. இப்போது ஒரு வேளை சோறு, அதுவும் பாதி அளவு, கூடக் கூட்டும் பொரியலும் தட்டு நிறைய, மீன் வாரத்தில் பல நாள். மனம் வெறுக்காமல் வருடக்கணக்கில் ஓடுகிறது. எனக்கு அது போதும்.

---

சோளக்கொல்லை

தோசை வார்ப்பது கொடுமைதான், ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஆனால் பாதிச் சோறு என்பது பேலியோ இல்லை :)

---

பிசியோ_கோவை

உணவு பற்றி ஒரு வரி மட்டும். சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் மாத்திரை அளவும் மாற வேண்டி வரும். மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சுகர் கீழே இறங்கி மயங்கி விழுந்தவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, நீர் மாத்திரை. "கால் வீக்கம்" என்று போனால் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். லிப்பெடிமாவில் தேங்கியிருப்பது தண்ணீர் இல்லை, அதற்கு அந்த மாத்திரை பலன் தராது. இதய நோய், சிறுநீரக நோய் என்று வேறு காரணத்துக்காக எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கதை.

---

நெய்தல்கரை

எல்லோருக்கும் நன்றி. மெட்டி விரல் சோதனை செய்தேன், தோல் சுலபமாகத் தூக்க வருகிறது.

காலுறைதான் இன்னும் பிடிபடவில்லை. க்ளாஸ் 1, க்ளாஸ் 2 என்கிறார்கள். மே மாதச் சென்னையில் இதை எப்படிப் போடுவது? பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் உள்ளே வேர்த்து அரிக்கிறது. புடவைக்கு உள்ளே போடும் ஷேப்வேர் விற்கிறார்களே, அது போதாதா?

---

பிசியோ_கோவை

ஷேப்வேர் போதாது. அதில் அழுத்தம் இவ்வளவு என்ற கணக்கே கிடையாது. இடுப்பிலும் முட்டிக்கு மேலும் இறுக்கும், நடுவில் தளர்வாக இருக்கும். உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதும் இப்படித்தான், அந்த இடத்தில் பள்ளம் விழும். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் தரத்தில் க்ளாஸ் 1 என்றால் கணுக்காலில் 18 முதல் 21 மி.மீ. பாதரசம். க்ளாஸ் 2 என்றால் 23 முதல் 32. க்ளாஸ் 3 என்றால் 34 முதல் 46. அழுத்தம் கூடக் கூட நல்லது என்று இல்லை. வலி குறைகிற, நீங்கள் தினமும் போடக்கூடிய மிகக் குறைந்த அழுத்தமே போதும். க்ளாஸ் 1 போட்டு தினமும் நடப்பவர், க்ளாஸ் 3 வாங்கி பீரோவில் வைத்திருப்பவரை விட நன்றாக இருப்பார்.

ஆனால் வாங்குவதற்கு முன் காலுக்குப் போகும் தமனி ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையிலும் கணுக்காலிலும் பிபி எடுத்து ஒப்பிடும் சுலபமான சோதனைதான். சர்க்கரை நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். ரத்த ஓட்டம் குறைவான காலில் இறுக்கமான காலுறை போட்டால் புண் வரும்.

வெயிலுக்கு என் நோயாளிகள் செய்வது: காலை எழுந்து குளித்து, உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு போடுவார்கள். மதியம் மூன்று நான்கு மணிக்குக் கழற்றிவிடுவார்கள். நாள் முழுக்கப் போடாவிட்டால் வீண் என்று இல்லை. ஏப்ரல் மே மாதங்களில் முழங்கால் வரை உள்ளதும், தனியாக ஒரு கேப்ரி பேன்ட் மாதிரியானதும் போடுகிறார்கள், ஒன்றைக் கழற்றினாலும் இன்னொன்று இருக்கும். வெளியில் போகும்போது காலுறை மேலேயே லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள், காய்கிறபோது குளிரும். தினமும் துவைக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது, வெயிலில் காயப்போடக் கூடாது, எலாஸ்டிக் போய்விடும். ஆறு மாதத்தில் அழுத்தம் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

---

ரைன்நதி

போடுவதற்குப் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கோ. நகம் பட்டால் நூல் அறுந்துவிடும், கையுறை இருந்தால் துணியைப் பிடித்து மேலே தள்ளவும் சுகம். கதிரையில் இருந்து குனிந்து இழுத்தால் நாரி பிடிக்கும். கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கிப் போடுங்கோ.

நிணநீர் மசாஜ் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே? டென்மார்க்காரர் எமில் வொடர் 1930களில் தொடங்கிய முறை. இஞ்சை அதற்குத் தனிப் பயிற்சி எடுத்த ஆட்கள் இருக்கினம், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் காப்புறுதி காசு கட்டும். பிடித்து நோக அமத்துவது இல்லை, தோலை மட்டும் மெதுவாக அசைப்பது. எனக்கு அன்றைக்கு இரவு நல்ல நித்திரை வரும்.

---

பிசியோ_கோவை

ரைன்நதி அக்கா, மசாஜ் விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். லிப்பெடிமாவில் வடிக்க வேண்டிய நீர் பெரிதாக இல்லை என்பதுதான் இப்போதைய பார்வை, உங்கள் ஜெர்மன் வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. அப்படியானால் வடிகால் மசாஜ் எதை வடிக்கிறது? வலி தணிக்கும், உடம்பைத் தளர்த்தும், அதற்காகச் செய்யலாம். ஆனால் காசு குறைவாக இருக்கிற ஒருவர் மசாஜா, காலுறையா, நீச்சலா என்று கேட்டால் மசாஜைக் கடைசியில் வைப்பேன். இங்கே சில இடங்களில் "கொழுப்பை உடைக்கிறேன்" என்று எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள். அது கூடவே கூடாது. மறுநாள் கால் முழுக்க ரத்தம் கட்டிக்கொண்டு வருவார்கள்.

---

ரைன்நதி

ஓம், அறிக்கை எல்லாம் நானும் வாசிக்கிறனான். ஆனால் வலி எனக்கு, அறிக்கைக்கு இல்லை. நிற்பாட்டினால் கூடுது, செய்தால் குறையுது. அழுத்தித் தேய்க்கிறது பற்றி நீங்கள் சொன்னது நூறு வீதம் சரி.

---

பிசியோ_கோவை

உங்களுக்குப் பலன் தருவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன் அக்கா. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வரிசை சொன்னேன்.

நீச்சல் என்றேன், ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் தருகிற அழுத்தம் சுமார் 73 மி.மீ. பாதரசம். க்ளாஸ் 3 காலுறையை விட அதிகம். கீழே அதிகம், மேலே போகப் போகக் குறைவு, எந்த மடிப்பிலும் இறுக்காது. முட்டிக்கு உடம்பு பாரமும் குறைகிறது. நெஞ்சளவு தண்ணீரில் சும்மா முன்னும் பின்னும் நடந்தாலே போதும், நீச்சல் தெரிய வேண்டியதில்லை. வெந்நீர்க் குளம், நீராவிக் குளியல் வேண்டாம், பலருக்கு வலி கூடுகிறது.

தரையில் என்றால் நடை, சைக்கிள், தொடைத் தசைக்கான வலுப்பயிற்சி. இதை விட்டுவிடாதீர்கள். தொடை உள்பக்கம் பெருத்தால் நடை அகன்று, முட்டி உள்ளே வளைந்து, நாற்பதிலேயே தேய்மானம் வரலாம். வலி முட்டியிலா சதையிலா என்றே தெரியாமல் குழம்பிவிடுவார்கள்.

---

ஹாரோ_அக்கா

இங்கே நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கு மட்டும் என்று நேரம் உண்டு, நான் போவது அதற்குத்தான். முதலில் கூச்சம். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை வாங்கினேன், சோமாலியப் பெண்கள் எல்லோரும் அதே உடையில்தான் வருகிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

லிப்போசக்‌ஷன் பற்றி இங்கிலாந்து நிலவரம்: எந்தச் சிகிச்சையை ஏற்கலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், லிப்பெடிமாவுக்கான லிப்போசக்‌ஷனை ஆய்வின் பகுதியாக மட்டுமே செய்யலாம் என்றது. பாதுகாப்பு பற்றிய கவலை: உடல் நீர்ச் சமநிலை கெடுவது, கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் போய் அடைப்பது, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, மரத்துப்போகச் செய்யும் மருந்து அளவு மீறுவது. அதனால் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் எளிதில் கிடைக்காது. தனியாரில் செய்பவர்கள் வீட்டுக் கடனை நீட்டிச் செய்கிறார்கள், போலந்துக்கும் ஸ்பெயினுக்கும் போகிறவர்களும் உண்டு. நான் செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை.

---

ரைன்நதி

ஜெர்மனி நேர் எதிர். 2019 தொடக்கத்தில் அப்போதைய சுகாதார அமைச்சர் யென்ஸ் ஷ்பான், காப்புறுதி இதற்குக் காசு கட்ட வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார், பெரிய சண்டை நடந்தது. 2020-ல் இருந்து மூன்றாம் நிலைக்கு மட்டும் பொதுக் காப்புறுதி ஏற்றது. அதற்கிடையில் காப்புறுதி எதற்குக் கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டுக்குழுவே லிப்லெக் என்ற பெயரில் ஒரு ஆய்வு நடத்துவித்தது. அதன் முதல் முடிவுகளை வைத்து, 2025 ஜூலையில் எல்லா நிலைக்கும் ஏற்பது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் ஆறு மாதம் காலுறை, பயிற்சி எல்லாம் செய்தும் போதிய சுகம் இல்லை என்றால்தான்.

நிலை என்றால்: முதலாவதில் தோல் வழுவழுப்பு, உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள் கைக்குத் தட்டுப்படும். இரண்டாவதில் மேடு பள்ளம். மூன்றாவதில் தொடையிலும் முழங்காலிலும் சதை மடிந்து தொங்கும். நிலைக்கும் வலிக்கும் சம்பந்தம் இல்லை, முதலாம் நிலையிலேயே துடிக்கிற ஆட்கள் இருக்கினம். அதனால்தான் மூன்றாம் நிலைக்கு மட்டும் என்ற விதி எங்களுக்கு அநியாயமாகப் பட்டது.

நான் மூன்றாம் நிலை, செய்துவிட்டேன். ஒரே தடவையில் முடியாது, பிரித்துப் பிரித்துச் செய்வார்கள். நிறைய உப்புநீரும் மரத்துப்போகும் மருந்தும் ஏற்றி ஊறவைத்து, பிறகு மெல்லிய குழாயால் இழுப்பார்கள். அடுத்த நாள் கட்டில் நனையும் அளவுக்கு அந்தத் தண்ணீர் வடிந்தது, ஒருவரும் முன்பே சொல்லவில்லை, பயந்துபோனேன். வாரக்கணக்கில் இரவு பகலாகக் காலுறை. தொடையில் சில இடம் பல மாதம் விறைத்து இருந்தது. தோல் தொங்கியது இன்னும் தொங்குகிறது.

பலன்? படி இறங்க முடிகிறது. பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கிறேன். காலுறை முழுக்க விடவில்லை, நீண்ட நேரம் நிற்கிற நாளில் போடுவேன். அழகுக்காக என்றால் செய்யாதேங்கோ. வலிக்காக என்றால் யோசியுங்கோ.

---

பாலிசிப்பாண்டி (மதுரை)

நான் ஹெல்த் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பக்கம் வேலை பார்க்கிறேன். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்.

பெரும்பாலான பாலிசிகளில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகள் இருக்கும். அதில் 06-ம் எண் உடல் பருமன், எடைக் குறைப்பு. 08-ம் எண் காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரி. லிப்போசக்‌ஷன் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே க்ளெய்ம் 08-ல் போய் விழும். அந்த விதியில் ஒரு சின்னக் கதவு உண்டு: உடனடியான, நேரடியான உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவை என்று சிகிச்சை செய்யும் மருத்துவர் சான்று தந்தால் விலக்கு பொருந்தாது. ஆனால் லிப்பெடிமாவை உடனடி ஆபத்து என்று நிரூபிப்பது கஷ்டம். நிச்சயம் கிடைக்கும் என்று நம்பி அட்மிட் ஆகாதீர்கள். முன்கூட்டியே எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மருத்துவமனை கவுன்ட்டரில் "அதெல்லாம் கேஷ்லெஸ் ஆகிடும்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

பாலிசி எடுக்கும்போது இந்த நோயை மறைக்காதீர்கள். பிறகு இதற்குச் சம்பந்தமே இல்லாத க்ளெய்மிலும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

---

மழைக்காகம் (தஞ்சாவூர்)

இந்த இழையைப் படித்துவிட்டு அவசரமாகக் கேட்கிறேன். அம்மாவுக்கு 62. நேற்றில் இருந்து இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது, கெண்டைக்காலைத் தொட்டால் வலிக்கிறது, கொஞ்சம் சூடாகவும் இருக்கிறது. இது லிப்பெடிமாவா? காலுறை வாங்கலாமா?

---

பிசியோ_கோவை

மழைக்காகம், இது லிப்பெடிமா இல்லை. ஒரு கால் மட்டும், திடீரென்று, வலியும் சூடும் சேர்ந்து என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம், அல்லது தோலில் தொற்று. இரண்டுமே காத்திருக்கக் கூடியவை இல்லை. காலுறை போடாதீர்கள், தேய்க்காதீர்கள். இன்றே, இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் டாப்ளர் எடுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

---

மழைக்காகம்

கிளம்பிவிட்டோம்.

---

நெறியாளர்

மேலே உள்ள கேள்வியைப் போன்றவற்றுக்கு இங்கே பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவமனை. அப்புறம், தனிச்செய்தியில் மூலிகை எண்ணெய் விற்ற உறுப்பினரை நீக்கியாகிவிட்டது.

---

நெய்தல்கரை

மழைக்காகம், அம்மா எப்படி என்று முடிந்தபோது சொல்லுங்கள்.

நான் இப்போதைக்கு முடிவெடுத்தது: அறுவையைத் தள்ளி வைக்கிறேன். பாலிசிப்பாண்டி சொன்ன கணக்கு ஒரு காரணம். இன்னொன்று, ஜெர்மனியிலேயே ஆறு மாதம் மற்றதைச் செய்துவிட்டு வா என்கிறார்கள். ரத்த ஓட்டச் சோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன், பிறகு க்ளாஸ் 1-ல் அளந்து பின்னச் சொல்லப்போகிறேன். இரவுச் சாப்பாட்டில் இட்லி தோசையை எடுத்துவிட்டேன், மதியச் சோற்றை விடவில்லை. வீட்டில் எடை மெஷினைப் பரண் மேல் போட்டுவிட்டேன். அதற்குப் பதில் வலி எத்தனை, படி ஏறியது எப்படி, எங்கே ரத்தம் கட்டியது என்று காலண்டர் தாளில் குறிக்கிறேன்.

---

பிசியோ_கோவை

காலண்டர் நல்ல யோசனை, மாதவிடாய்த் தேதியையும் சேர்த்துக் குறியுங்கள். பலருக்கு அதற்கு முந்தைய வாரம் வலி கூடும். அது தெரியாவிட்டால் அந்த வாரம் சாப்பிட்ட ஏதோ ஒன்றின் மேல் பழியைப் போட்டு, ஒவ்வொரு உணவாக நிறுத்திக்கொண்டே போவீர்கள். எடை மெஷினை முழுக்க ஒழிக்க வேண்டாம், மாதம் ஒரு தடவை போதும். இடுப்பையும் டேப்பால் அளந்து வையுங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் இடுப்பு போனால் அது லிப்பெடிமா கணக்கு இல்லை, சாதாரண எடை ஏறுகிறது என்று அர்த்தம். இந்த நோயில் உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு ஏமாற்றும், கால் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடும்.

---

சோளக்கொல்லை

இரவு தோசைக்குப் பதில் என்ன சாப்பிடுகிறீர்கள்? முட்டை, காளான், பனீர் எல்லாம் அலுத்துவிட்டால் சுரைக்காயைத் துருவி முட்டையோடு அடை மாதிரி வார்த்துப் பாருங்கள்.

---

மழைக்காகம்

டாப்ளரில் ரத்த உறைவு என்று தெரிந்தது. அம்மாவை அட்மிட் செய்து ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. பிசியோ_கோவை, நன்றி. காலுறை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டேன், தானே சொல்வதாகச் சொன்னார்.

---

ஹாரோ_அக்கா

நல்ல செய்தி, மழைக்காகம்.

நெய்தல்கரை, சென்னையில் பெண்களுக்கான நீச்சல் நேரம் இருக்கும் குளம் தேடுகிறீர்களா? உடை வாங்கும்போது நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்ததாகப் பாருங்கள். பருத்தி டி-ஷர்ட்டோடு இறங்க வேண்டாம், தண்ணீர் குடித்துக் கனக்கும், பல குளங்களில் விடவும் மாட்டார்கள். தொடைக்கு ஒரு அளவு பெரிதாக எடுத்து, மேல்பக்கத்தை வேண்டுமானால் தையல்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம்.

---

நெய்தல்கரை

தேடிக்கொண்டிருக்கிறேன் அக்கா. ஒரு இடத்தில் பெண்களுக்கு மதியம் இரண்டு மணி என்கிறார்கள், கூரை இல்லாத குளம். காலை நேரம் தருகிற இடம் யாருக்காவது தெரிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் என்றால் நல்லது.